மூணாவது நம்பர்

எங்கள் தெருவில் அந்த அக்காவிடம் "ரொம்ப" என்று சொல்லிவிட்டு யாரும் தப்பியதில்லை. ரொம்ப வெயில் என்றால், எத்தினி டிகிரி என்பார். ரொம்ப தூரம் என்றால், எத்தினி கிலோமீட்டர் என்பார். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரொம்ப வலிக்குது என்று முனக, பத்துக்கு எத்தனை என்று கேட்டு, பாவம், அந்த மனுஷனை வலியோடு சிரிக்க வைத்தார். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் எத்தனை ஸ்பூன் போடுவீர்கள், எத்தனை பேருக்கு என்ற விசாரணை முடியாமல் அடுத்த வாய் சாப்பிட முடியாது.

"ரெண்டு நம்பர் குடு, மூணாவத நான் சொல்றேன்." இதுதான் அவர் வாய்ப்பாடு. கேட்க ஜோசியம் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டே இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, மூடிய இரும்புப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அதைத் திறக்காமல் சொன்ன ஒரு மனுஷியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி என் வீட்டுப் பெட்டி. இதை எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்குக் கை பரபரக்கிறது.

அக்காவுக்கு வேலை உழவர்கரைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில். தண்ணீர் காய்ச்சுகிற ஹீட்டருக்குக் காயில் சுற்றுகிற இடம். சுற்றுவது வேறு பெண்கள். அக்கா கடைசி மேசை, டெஸ்டிங். வருகிற ஒவ்வொரு காயிலுக்கும் கரண்ட் கொடுத்து, எத்தனை வோல்ட் கொடுத்தோம், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று இரண்டு மீட்டரைப் பார்ப்பார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் அந்தக் காயில் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும், அது ஓம்ஸ். இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு சூடு தரும் என்று தெரியும், அது வாட்ஸ். கணக்கு சரியாக வந்தால் பச்சைத் தட்டு, வராவிட்டால் சிவப்புத் தட்டு. "வகுத்தா ஓம்ஸு, பெருக்குனா வாட்ஸு. இவ்ளோதாம்மா என் படிப்பு" என்பார். எட்டாவதோடு நின்றவர். பன்னிரண்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, உலகத்தையே பச்சைத் தட்டு, சிவப்புத் தட்டு என்று பிரித்து வைத்திருந்தார்.

எனக்கு அவர் பழக்கமானது ஒரு வாட்டர் ஹீட்டர் ராடால்தான். வாளித் தண்ணீருக்குள் போடுவோமே, அந்த ராடு. புதிதாக வாங்கியது, சாயங்காலத்தில் மட்டும் தண்ணீர் சுடவே மாட்டேன் என்றது. கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்து ஏமாற்றிவிட்டான், போய் ஒரு கை பார்க்கிறேன் என்று தெருவில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த அக்கா நின்றார். சாப்பாட்டுப் பையிலிருந்து மீட்டரை எடுத்தார். டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் மீட்டர் வைத்திருக்கிற பெண்ணை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். உள்ளே வந்து அளந்துவிட்டு, நூற்றி எண்பது வோல்ட், மூணு புள்ளி நாலு ஆம்பியர் என்றார். ஆயிரம் வாட் ராடு அந்த நேரத்தில் அறுநூற்றுப் பத்து வாட்தான் தருகிறது என்றார். கடைக்காரர் மேல் தப்பில்லை, ராடும் நல்ல ராடு, தெருவில் வோல்டேஜ் இறங்கியிருக்கிறது.

வோல்டேஜ் கொஞ்சம்தானே இறங்கியிருக்கு, சூடு எப்படி இவ்வளவு இறங்கும் என்று கேட்டேன். கொஞ்சம் என்றதற்கு முதலில் ஒரு முறை முறைத்தார். பிறகு சொன்னார்: "வோல்டேஜ் எறங்குனா அது தள்ற கரண்டும் கூடவே எறங்கும். ரெண்டும் கொறஞ்சத பெருக்குற. அஞ்சுல ஒரு பங்கு வோல்டேஜ் போச்சின்னா, அஞ்சுல ரெண்டு பங்கு சூடு போயிடும்." கடைக்காரரோடு போடவேண்டிய சண்டை அத்தோடு போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன்.

இந்தக் குணத்தால் அவர் எப்போதும் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். அவர் நாத்தனார் மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. தங்கமான பையன் என்றார்கள் வீட்டுக்காரர்கள். அக்கா தங்கத்தை நம்பவில்லை. டூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டார். அஞ்சரை. வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவார்? எட்டு. இந்த ஊரில் வேலை முடிந்து வீட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் ஆகிறது என்றால் வழியில் என்னென்ன கடை இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பையன் சாயங்காலம் பிரெஞ்சு கிளாஸுக்குப் போகிறான், பாரிஸில் இருக்கிற மாமா வேலை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அக்கா நேராக அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கழிச்சது சரிதாம்மா. பேரு வெச்சதுதான் தப்பு" என்றார். அந்தக் கல்யாணம் நடந்தது. அவள் இப்போது பாரிஸில் இருக்கிறாள். அக்காவோ மகளோடு ஓசூருக்குப் போய் வருஷம் ஏழாகிறது.

இனி அடுப்புக்கு வருகிறேன்.

நான் அப்போது ஒரு துணிக்கடையில் சேல்ஸ் வேலையில் இருந்தேன். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. காலில் நரம்பெல்லாம் பச்சைப் பச்சையாகப் புடைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சின்ன அவனில் பன்னும் பிரியோஷும் போட்டுத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன். பிரியோஷ் என்றால் முட்டையும் வெண்ணெயும் போட்டு மெத்தென்று வருகிற ரொட்டி, எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடற்கரைப் பக்கத் தெருவில், பிள்ளைகளையெல்லாம் பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிற ஒரு அம்மா, நாங்கள் மதாம் என்போம், அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்திருக்கிற பேரனுக்குச் சர்ச்சில் புதுநன்மை, அதற்கு விருந்து, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு இருநூறு வேண்டும் என்றார். "மேல செவசெவன்னு இருக்கணும். வெளுப்பா வந்தா வேணாம், இப்பவே சொல்லிட்டேன்" என்றும் சொன்னார்.

இருநூறு! நான் மறுநாளே கடையில் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னைத் தெரிந்த முதலாளி, திங்கட்கிழமை காலை வரைக்கும் உன் இடத்தில் ஆள் போட மாட்டேன், யோசித்துக்கொள் என்றார். என் வீட்டுக்காரர் காலாப்பட்டுப் பக்கம் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். அவரும் அதே திங்கட்கிழமையைத்தான் சொன்னார். ஆர்டர் நல்லபடியாகப் போனால் ரொட்டி, சொதப்பினால் திரும்பத் துணிக்கடை. ஆனால் நல்ல மனுஷர், மூடிவிட்ட ஒரு டீக்கடையிலிருந்து பெரிய கரண்ட் அடுப்பு ஒன்றை அவரேதான் பிடித்துக்கொண்டு வந்தார். முதுகில் ஒரு பித்தளைத் தகடு, மூவாயிரம் வாட் என்று பொறித்திருக்கும். துண்டால் அந்தத் தகட்டைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை முதல் தட்டு வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் ரொட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. ஈஸ்ட்டை மாற்றினேன். மாவை மாற்றினேன். சர்க்கரையைக் கூட்டினேன். வெளுப்புத்தான். அதே மாவு சின்ன அவனில் சிவந்து வந்தது, ஆனால் அதில் ஒரு நேரத்துக்கு ஆறுதான் கொள்ளும். வீட்டுக்காரர் தகட்டைக் காட்டி, "மூவாயிரம் வாட்டுடி, உன் கைதான் சரியில்ல" என்றார். வியாழக்கிழமை சாயங்காலம் நான் அழுதுகொண்டே போய் அக்காவைக் கூப்பிட்டேன். அடுப்பு ரொம்ப மந்தமாக இருக்கிறது என்றேன். அந்த ஒரு தடவை மட்டும் எத்தனை என்று கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவர் கொண்டுவந்தது டாங் டெஸ்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வும், வெட்டாமல் பிரிக்காமல் உள்ளே ஓடுகிற கரண்டைச் சொல்லும். வீட்டுக்காரர் ஆசையாக வாங்கி அடுப்பின் ஒயரைக் கவ்வினார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. அடுப்பு கரண்டே எடுக்கல, இல்லன்னா மீட்டர் ரிப்பேர் என்று அறிவித்தார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போற ஒயரு, வர்ற ஒயரு ரெண்டயும் சேத்துக் கவ்வுனா அது இன்னா சொல்லும்? ஒண்ணு சொல்றத ஒண்ணு அழிச்சிடும். உங்க ரெண்டு பேரயும் ஒண்ணா உக்கார வெச்சி பஞ்சாயத்து பண்ற கத" என்றார். பிறகு இரண்டு ஒயரும் தனித்தனியாகப் பிரிந்து ஓடுகிற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷனைப் பையிலிருந்து எடுத்து நடுவில் மாட்டி, ஒன்றை மட்டும் கவ்வினார்.

மூணு புள்ளி ஒண்ணு ஆம்பியர். பிளக்கில் இருநூற்று இருபது வோல்ட்.

அக்கா காகிதம் கேட்க மாட்டார். கண்ணை மேலே தூக்கிக்கொண்டு வாய்க்குள் கணக்குப் போடுவார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு சிலிர்க்கும். "எரநூத்தி இருவத மூணால வகுத்தா எழுவத்தி மூணு. மூணுக்கு மேல கொஞ்சம் இருக்கு, அதனால கொறச்சிக்க, எழுவத்தி ஒண்ணு. ஓம்ஸு எழுவத்தி ஒண்ணு. பெருக்குனா அறுநூத்தி எம்பத்தி ரெண்டு." கண்ணை இறக்கி வீட்டுக்காரரைப் பார்த்தார். "தகட நல்லா தொடச்சி வெச்சிருக்கீங்க. உள்ள எழுநூறு வாட்டு கூட இல்ல."

வீட்டுக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். காயில் போய்விட்டதா என்று நான் கேட்டேன். கேட்கும்போதே என் திங்கட்கிழமை எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த அளவுக்குப் புதுக் காயிலை இரண்டு நாளில் எங்கே தேடுவது?

அக்கா தகட்டைப் பார்த்தார், மறுபடியும் கண்ணை மேலே தூக்கினார். மூவாயிரம் வாட் என்றால் இருநூற்று முப்பது வோல்ட்டுக்குப் பதின்மூன்று ஆம்பியர் ஓட வேண்டும். அப்படி ஓட வேண்டும் என்றால் ஓம்ஸ் பதினேழு, பதினெட்டு இருக்க வேண்டும். நமக்கு வந்திருப்பது எழுபத்தொன்று. சட்டென்று அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கோலத்தில் விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்தவர் முகம்.

"நாலு மடங்கு. சரியா நாலு மடங்கு. போன காயிலு இப்பிடி கணக்கா நிக்காதும்மா. உள்ள ரெண்டு காயிலு இருக்கு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு பின்னால ஒண்ணா மாட்டி வெச்சிருக்கான்."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, கல்யாண மண்டபத்தை உதாரணம் சொன்னார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வாசல் இருந்தால் கூட்டம் இரண்டு வழியாகவும் போகும், தடை பாதியாகும். அதே இரண்டு வாசலை ஒன்றைத் தாண்டி ஒன்றாக வைத்தால் ஒவ்வொருவரும் இரண்டையும் நெருக்கியடித்துத் தாண்ட வேண்டும், தடை இரட்டிப்பாகும். பாதிக்கும் இரட்டிப்புக்கும் நடுவே நாலு மடங்கு. காயில் ஒவ்வொன்றும் முப்பத்தைந்து ஓம்ஸ் இருக்கும் என்றார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றினோம். இரண்டு காயில். ஒன்றின் வாலில் இன்னொன்றின் தலையை ஒரு தகட்டால் முடுக்கியிருந்தது. வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கையைத் தட்டினார். நான் அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அதை ஏன் அப்படி மாட்டினார்கள் என்றும் அக்காவே சொன்னார். அந்த டீக்கடையில் ஒயர் சின்னதாக இருந்திருக்கும், அடுப்பைப் போட்டால் ஃபியூஸ் போயிருக்கும். ஒயரை மாற்றுவதற்குப் பதிலாக அடுப்பை அடக்கி, ஒயர் நுனியில் ஒரு சின்ன பிளக்கையும் மாட்டிவிட்டார்கள். சொல்லிக்கொண்டே எங்கள் சுவரைப் பார்த்தார். எங்கள் வீட்டு ஒயரும் சின்னதுதான். ஆறு ஆம்பியர் பிளக். காயிலைப் பக்கத்தில் பக்கத்தில் மாற்றினால் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். மீட்டர் போர்டிலிருந்து தனியாகக் கனமான ஒயர் இழுக்க வேண்டும், சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன், அதுவரைக்கும் கை வைக்காதே என்றார்.

கை வைத்தேன். வெள்ளிக்கிழமை காலை, வீட்டுக்காரர் பஸ் எடுக்கப் போவதற்கு முன்னால், நான்தான் அவரைப் பிடுங்கி எடுத்தேன். அந்த இணைப்பை மாற்றிப் போட்டால் போதும் என்று நேற்றே பார்த்துவிட்டோம், ஒரே ஒரு தட்டு மட்டும் போட்டுப் பார்க்கலாம், வெந்தால் எனக்குத் தூக்கம் வரும் என்றேன். மாற்றினார். பழைய பிளக்கிலேயே சொருகினோம். அடுப்புக்குள் காயில் இரண்டும் செக்கச்சிவக்கப் பழுத்தது. நான் வைத்த ரொட்டி கண்ணெதிரே உப்பிச் சிவந்தது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளை மாதிரிக் கத்தினோம். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு நாற்றம் வந்தது. நான் வெண்ணெய் வழிந்து கருகுகிறது என்று நினைத்தேன். சுவரில் பிளக் உருகி வெல்லப் பாகு மாதிரித் தொங்கியது, சுவிட்ச் போர்டிலிருந்து கறுப்பாக ஒரு நாக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஓடிப்போய் மெயினை இறக்கினார்.

அன்று சாயங்காலம் அக்கா வந்தார். உருகிய பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தினி நிமிஷம் ஓடுச்சி?"

பதினைந்து இருக்கும் என்றேன்.

"வூட்ல எத்தினி பேர் இருந்தீங்க?"

"ரெண்டு பேரும்தாங்க்கா."

மூணாவதை அவர் சொல்லவில்லை. பிளக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒயர் வாங்க வேண்டிய அளவை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைப் பார்த்து நான் பயந்தது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தார். கம்பெனியில் அவர் லீவு கேட்டதும் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்களாம். மீட்டர் போர்டிலிருந்து சமையலறை வரைக்கும் சுவர் மேலேயே பைப் அடித்து, கனமான ஒயரை உள்ளே விட்டு, தனி டிரிப் சுவிட்ச், பதினாறு ஆம்பியர் பிளக் எல்லாம் அவர் கையாலேயே போட்டார். வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கேட்டதை எடுத்துக் கொடுத்தார். எங்கள் கனெக்‌ஷன் எத்தனை கிலோவாட்டுக்கு எழுதிக் கொடுத்தது என்று பில்லை வாங்கிப் பார்த்தார். மூன்று. அடுப்பு ஓடுகிற நேரத்தில் அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார் எதையும் தொடக் கூடாது என்று இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திச் சொல்ல வைத்தார், பள்ளிக்கூடத்தில் சொல்ல வைப்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. இருநூறு உருண்டையும் தட்டுத் தட்டாகப் பொங்கி நிற்கிறது. அக்கா ஒரே ஒரு தட்டுக்குத்தான் அனுமதி கொடுத்தார். சொருகினேன். பன்னிரண்டரை ஆம்பியர், இருநூற்று இருபது வோல்ட். இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது என்று இந்தத் தடவை வீட்டுக்காரர் சொன்னார், அக்கா தலையாட்டினார். அப்புறம் அக்காவைக் காணோம்.

நாங்கள் எங்கே பார்த்தோம்? அடுப்புக் கண்ணாடியிலேயே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டுக்காரர்கூட வந்துவிட்டார். ரொட்டி எழும்பியது, மேலே மஞ்சள் ஓடியது, மஞ்சள் சிவந்தது. மதாம் சொன்ன அதே சிவப்பு. எடுத்து வைத்தபோது வீடே வெண்ணெய் வாசம். அக்கா வந்து பாருங்க, கலரப் பாருங்க என்று நான் கூப்பிடுகிறேன், பதில் இல்லை.

ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். நடையில், மீட்டர் போர்டுக்குக் கீழே, ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையைச் சுவரில் ஓடுகிற பைப் மேல் வைத்திருந்தார், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. அத்தனை நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறார். கொஞ்சம் நகர்த்தி வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார், திரும்ப நகர்த்துவார். மீட்டர் பையில் இருந்தது.

நான் நீட்டிய ரொட்டியை இன்னொரு கையால் வாங்கி ஒரு வாய் கடித்தார். பைப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. மென்று முழுங்கினார்.

"ரொட்டி சூடா இருக்கு. பைப்பு சில்லுன்னு இருக்கு" என்றார். "இப்ப ஏத்து, எல்லா தட்டயும்."

பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருநூறும் மதாம் வீட்டு மேசையில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் துணிக்கடையிலிருந்து போன் வந்தது. இரண்டு கையும் மாவாக இருந்தது, எடுக்கவில்லை.